மார்த்தாவுக்குக் குரல் கொடுத்தது யார்?

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெட்லெஃப் குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததுமே மனைவி ஆஸ்ட்ரிட்டுக்குப் புரிந்துவிட்டது. வேலை முடிந்துவிட்டது.

இல்லாவிட்டால் அவனாவது, ஞாயிற்றுக்கிழமை குளிப்பதாவது! வாரம் முழுக்க ஹாம்பர்க் நகரத்து லிஃப்டுகளைப் பழுது பார்ப்பான். சனி, ஞாயிறு வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னறைக்குள் போய்விடுவான். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. பழைய படங்களின் பழைய சத்தத்தைத் தேடிப் பிடித்து, கீறல் நீக்கி, படத்தோடு ஒட்டவைப்பதுதான் அவனுடைய பைத்தியம். சம்பளம் கிடையாது. அவனைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பைத்தியங்கள் நாடெங்கும் இருக்கின்றன. அவர்களுக்குள் சண்டை வேறு.

எட்டு வாரமாக இந்தக் குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் கதை தெரியும். இன்று புதிதாக வந்து உட்காருபவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

'கடைசி உப்புக் கப்பல்' என்று ஓர் இத்தாலியப் படம். தியேட்டரில் ஓடிய காலத்தில் அதற்கு ஒரு ஜெர்மன் டப்பிங் இருந்தது. பிற்பாடு டிவிக்காக வேறு ஆட்களை வைத்துப் புதிதாக டப் செய்தார்கள். வீடியோவிலும் டிஸ்கிலும் இதுவேதான் வந்துகொண்டிருந்தது. பழையது போன இடம் தெரியவில்லை. அந்தப் பழைய டப்பிங்கில் கதாநாயகி மார்த்தாவுக்குக் குரல் கொடுத்தவள் ரோஸ்மரி லூர், அதாவது ஆஸ்ட்ரிட்டின் அம்மா. அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். டப்பிங் பேசியவர்கள் பெயரை அந்தக் காலத்தில் எங்கேயும் போடமாட்டார்கள். அதனால் ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. போன வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது திருமதி டோனீஸ் என்பவர் நடத்தும் சின்ன கம்பெனி அந்தப் படத்தை டிஸ்காக வெளியிடுகிறது. டெட்லெஃபின் கூட்டாளி யோர்ன், எப்போதோ ஒரே ஒரு தரம் ஏதோ ஒரு சேனலில் ஓடிய பழைய டப்பிங்கைப் பதிவு செய்து வைத்திருந்தான். அதைச் சரி செய்து கொடுத்தால் டிஸ்கில் சேர்க்கிறேன், கூட வைக்கும் சின்னப் புத்தகத்தில் உங்கள் அம்மா பெயரையும் அச்சடிக்கிறேன் என்று டோனீஸ் ஒப்புக்கொண்டிருந்தார். நாளைக் காலை அச்சு. இன்று மாலை ஆறு மணிக்குள் எல்லாம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

"முடிஞ்சுதா?" என்றாள் ஆஸ்ட்ரிட்.

"முடிஞ்சுது. உதடும் சத்தமும் அச்சு அசலாப் பொருந்துது. சாயங்காலம் காப்பிக்கு அப்புறம் போடறேன். உங்கக்காவும் இருக்கட்டும்."

"அம்மா எப்படிப் பேசியிருக்கா?"

"நான் அவங்களைப் பார்த்தப்பவே அவங்களுக்கு வயசாகி, தொண்டை கட்டின மாதிரி இருந்தாங்க. எனக்கென்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும் கேட்டுச் சொல்லுங்க." பிறகு ஒரு விரலைத் தூக்கினான். "ஒண்ணு மட்டும் சொல்றேன். நல்லாப் பேசியிருக்காங்க."

ஆஸ்ட்ரிட் பஸ் ஓட்டுபவள். எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறார்கள், அசைந்து கொடுத்ததில்லை. இன்றைக்கு ஒரே ரொட்டியில் இரண்டு தரம் வெண்ணெய் தடவினாள்.

*

ஜெர்மனியில் நவம்பரின் அந்த ஞாயிறு இறந்தவர்களை நினைக்கும் நாள். ஓல்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்கடைக்காரர்களுக்கு நிற்க நேரமில்லை. தோட்டத்துக்குள்ளே ஓடுகிற பஸ்ஸில் ஆஸ்ட்ரிட்டோடு வேலை செய்கிறவன்தான் டிரைவர். கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினான்.

அக்கா கேஸா ஏற்கெனவே வந்து அம்மாவின் கல்லறையருகே காத்திருந்தாள். கையில் ஒரு கட்டு ஊசியிலைக் கிளை.

"என்ன, முந்தின ட்ரெயின்லயே வந்துட்டியா?"

"ஏழாம் மாசத்துலயே வந்தவதானே நான். எல்லாத்துக்கும் அவசரம்னு அம்மா சொல்லிட்டே இருப்பாளே." கேஸா கிளைகளை அடுத்த கைக்கு மாற்றினாள். "செவ்வாய்க்கிழமை உன் மெசேஜ் வந்தது. கேக் படம் போட்டு. ரொம்ப நன்றி."

"ரெண்டு ஷிஃப்ட் கேஸா. போன் பண்ண முடியல."

"நான் ஒண்ணும் கேக்கலையே. பிறந்தநாளுக்கு அழற வயசா எனக்கு?"

கேஸா அப்படித்தான். ஸ்டாடே என்ற சின்ன ஊரில் செருப்புக்கடை வைத்திருக்கிறாள். வருகிறவர்களின் காலைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடுவேன் என்பாள். சொல்லவும் செய்வாள், அதுதான் சிக்கல்.

இருவரும் குனிந்து, பழுத்த இலைகளை வாரி எடுத்துவிட்டு, குளிருக்கு மண்ணை மூடக் கிளைகளை வரிசையாகப் பரப்பினார்கள். இதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை. ஒருத்தி வைக்க, மற்றவள் நுனியை அடுத்ததன் அடியில் செருகுவாள். அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி.

"அம்மா பேரு அச்சுல வரப்போகுது," என்றாள் ஆஸ்ட்ரிட். "'மார்த்தாவின் குரல், ரோஸ்மரி லூர்'னு. டோனீஸ் மேடம் அச்சு மாதிரியை அனுப்பியிருந்தாங்க. பாக்கவே நல்லா இருக்கு."

கேஸா நிமிரவில்லை. "உசுரோட இருந்தப்ப வராத பேரு. இப்ப வந்து யாருக்கு என்ன?"

"அவ ஆசைப்பட்டா."

"உங்கிட்ட ஆசைப்பட்டா."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒண்ணுமில்ல. முழங்கால் வலிக்குது. என்னைப் பிடிச்சு எழுப்பு."

ஆஸ்ட்ரிட் பிடித்து எழுப்பினாள். அக்காவின் கை ஜில்லென்றிருந்தது. கையுறை போடு என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள்.

*

மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மேஜையில் வெண்ணெய்க் கேக், காப்பி, மெழுகுவத்தி. டெட்லெஃப் டிவியைச் சமையலறைக்கே தூக்கிக்கொண்டு வந்து அலமாரி மேல் வைத்திருந்தான். ஒயர் கம்பிகள் தரை முழுக்க ஓடின. நடைக்குப் போகிற கதவு அதனால் சாத்த முடியாமல் திறந்தே கிடந்தது.

"தடுக்கி விழுந்து சாகவா?" என்றாள் கேஸா.

"கால் எங்க வைக்கணும்னு உனக்கா சொல்லித் தரணும்? நீதான் செருப்புக்கடைக்காரி ஆச்சே," என்றான் டெட்லெஃப். இன்று அவனை யாரும் கோபப்படுத்த முடியாது. மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றுகொண்டு பேசத் தொடங்கினான். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தியேட்டர்ல ஒரு செகண்டுக்கு இருபத்து நாலு படம் ஓடும். நம்ம டிவிக்கு இருபத்தஞ்சு. அதனால டிவிக்காரன் படத்தையே கொஞ்சம் விரட்டி ஓட்டுவான். விரட்டினா..."

"குரல் கீச்சுன்னு ஏறிடும்," என்றாள் ஆஸ்ட்ரிட். "கல்யாணம் ஆனதுல இருந்து கேக்கறேன். போடு."

"ஏறிடும். அதனால நான் திரும்ப மெதுவாக்கி, குரலை இறக்கி..."

"போடு டெட்லெஃப்!"

போட்டான்.

துறைமுகம். மழை. ஒரு சாராயக்கடை. இசை முழங்கியது. அது ஹாம்பர்க்கில் புதிதாகச் சேர்த்த இசை. இத்தாலியிலிருந்து இசை தனியாக வரவில்லை என்றால் இங்கேயே வேறு போட்டுவிடுவது அந்த நாள் வழக்கம். கையில் விளக்கோடு மார்த்தா மாடிப்படியில் இறங்கி வந்தாள். வாயைத் திறந்தாள்.

"யாரு அது? கடை மூடியாச்சு."

ஆஸ்ட்ரிட் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். அந்தக் குரல் கனமாக இருந்தது. புகை குடிப்பவளின் குரல். நிதானமாக, கொஞ்சம் அலுப்போடு, பெரிய உடம்புக்காரி பேசுவதுபோல வந்தது. அம்மா பேசினால் பாத்திரத்தில் கரண்டி பட்ட மாதிரி கணீர் என்றிருக்கும். மூன்று வீடு தாண்டிக் கேட்கும். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தால் அந்தக் குரலைக் கேட்டு மற்ற வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடும்.

மார்த்தா இன்னும் நாலு வரி பேசினாள். ஐந்தாவது வரிக்கு ஆஸ்ட்ரிட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு சொல்லிலாவது அம்மா இருக்க மாட்டாளா? இல்லை.

"நிறுத்து," என்றாள்.

டெட்லெஃப் நிறுத்தினான். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. "என்ன?"

"இது அம்மா இல்ல."

"வயசுல இப்படி இருந்திருப்பாங்க. நீ அப்பப் பிறக்கவே இல்ல..."

"அம்மா முப்பத்தஞ்சு வயசுல என்னைத் திட்டினது எனக்கு ஞாபகமிருக்கு டெட்லெஃப். இது அவ இல்ல. கேஸா, நீ சொல்லு."

கேஸா கேக்கை முள்கரண்டியால் துண்டு துண்டாக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை. "இல்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

ஆஸ்ட்ரிட் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினாள்.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில, அம்மாவோட கடைசி வாரம். நீ ட்யூட்டிக்குப் போயிருந்தே. அவளே சொன்னா. 'கேஸா, ஆஸ்ட்ரிட் சொல்றதை நம்பாதே. அந்தப் படத்துல பேசினது நான் இல்ல, ஹெட்டா ஹார்ம்ஸ்னு ஒருத்தி'ன்னு. ரெண்டு தரம் சொன்னா. கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னா."

"இதை ஒரு வருஷமா வாயில போட்டு மென்னுட்டிருந்தியா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? அழுதிருப்பே. அம்மா உங்கிட்ட ஒரு கதை சொல்லி வெச்சிருந்தா, உனக்கு அது பிடிச்சிருந்தது. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்." கேஸாவின் குரல் தணிந்தது. "அச்சுல வரப்போகுதுன்னதும்தான் உறுத்துச்சு. வேற ஒருத்தி பேசினதுக்கு நம்ம அம்மா பேரைப் போடறது தப்புதானே?"

தப்புதான். அதில் ஆஸ்ட்ரிட்டுக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது வேறு. தன்னிடம் பொய் சொன்ன அம்மா, அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். செல்லப்பெண் நான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அசட்டுத்தனம். அவமானமாக இருந்தது. கோபம் கோபமாக வந்தது, செத்துப்போனவள் மேல்.

போனை எடுத்து டோனீஸைக் கூப்பிட்டாள்.

"மேடம், ஆஸ்ட்ரிட் பேசறேன். அம்மா பேரை எடுத்துடுங்க. அது அவங்க குரல் இல்ல."

"அப்படியா? யாருன்னு ஏதாவது..."

"எடுத்துடுங்க மேடம்." அவர் மேலே கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

டெட்லெஃப் கம்பிகளுக்கு நடுவில் நின்றான். இஸ்திரிச் சட்டையும் அவனுமாகப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கடைசியா ஒரு தரம் ஓட்டிப் பார்த்துட்டு அனுப்பிடறேன்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனான்.

*

ஆஸ்ட்ரிட் பாத்திரம் கழுவினாள். கேஸா துடைத்தாள். ஊருக்குப் போகிற ட்ரெயினைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை.

"நான் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றாள் ஒரு தட்டைத் துடைத்தபடி.

"சொன்னது தப்பில்ல. லேட்டாச் சொன்னே."

"முதல் தடவையா லேட்டு," என்றாள் கேஸா.

ஆஸ்ட்ரிட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. கை ஈரமாக இருந்ததால் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு கிழவன் ஏதோ பாடினான். நின்றது. மறுபடி அதே பாட்டு, ஆனால் சுருதி கொஞ்சம் மேலே. நின்றது. மறுபடி கீழே. மேலே. கீழே.

"உன் புருஷனுக்கு முத்திப்போச்சா?" என்றாள் கேஸா.

உள்ளே டெட்லெஃப் யாரிடமோ போனில் கத்துவது கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். யோர்னின் குரல் நடை வரைக்கும் வந்தது.

"அந்தச் சேனல்காரன் படத்தை விரட்டினாலும் குரலை ஏற விடமாட்டான்டா! அவனே மெஷின் வெச்சு முன்னாடியே இறக்கிடுவான். அன்னைக்கே போன்ல சொன்னேனே!"

"எங்கிட்டயா சொன்னே?"

"உங்கிட்டதான். நீ வாய் நிறைய மீன் ரொட்டியை வெச்சுக்கிட்டு 'ம், ம்'னே."

பிறகு டெட்லெஃப் சமையலறை வாசலில் வந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் கண் வேறு மாதிரி இருந்தது.

"ஆஸ்ட்ரிட். நான் ஒரு மடையன்."

"அது தெரியும். இப்ப என்ன?"

"கப்பல் சமையல்காரன் ஒருத்தன் மேல்தளத்துல பாடுவான். அதை மட்டும் இவங்க டப் பண்ணல, இத்தாலியப் பாட்டையே விட்டுட்டாங்க. படம் முழுக்க இத்தாலிய மூலத்துக்கும் நம்ம டப்பிங்குக்கும் பொதுவான சத்தம் அது ஒண்ணுதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டேன். நம்மது கீழே இருக்கு. அரைச் சுருதிக்கு மேலயே கீழே." மூச்சு வாங்கினான். "குரலைச் சேனல்காரன் ஏற்கெனவே சரி பண்ணியிருக்கான். அது தெரியாம நான் வழக்கம்போல மெதுவாக்கினேன். வேகம் சரியாச்சு, உதடு பொருந்திச்சு, குரல் மட்டும் இன்னொரு படி கீழ இறங்கிடுச்சு. ஏற்கெனவே உப்புப் போட்ட சூப்புல நான் திரும்ப உப்பைக் கொட்டியிருக்கேன்."

ஆஸ்ட்ரிட் குழாயை மூடினாள். "அப்ப அந்தக் குரல்?"

"அது யாரோட குரலும் இல்ல. நான் பண்ணின குரல்."

"மணி என்ன?"

"அஞ்சேகால். திருப்பி ஏத்திட்டேன். வாங்க, கேளுங்க."

இந்தத் தடவை யாரும் உட்காரவில்லை. கேஸா மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல மேஜை ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். ஈரத் துண்டு இன்னும் அவள் தோளில் கிடந்தது.

துறைமுகம். மழை. அதே மாடிப்படி, அதே விளக்கு.

"யாரு அது? கடை மூடியாச்சு."

கணீர் என்று வந்தது. ஆஸ்ட்ரிட்டின் கை தானாக வாய்க்குப் போனது. ஆனால் அவசரப்படக் கூடாது. ஒரு தரம் ஏமாந்தாயிற்று. நாம் விரும்புகிறோம் என்பதற்காக அம்மா ஆகிவிடாது. அவள் அக்காவைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள்.

மார்த்தா விளக்கை மேஜை மேல் வைத்தாள். நனைந்துபோன ஒரு மாலுமி உள்ளே வந்தான். கதவு அவனுக்குப் பின்னால் காற்றில் அடித்துக்கொண்டு திறந்தே கிடந்தது. மார்த்தா திரும்பக்கூட இல்லை. முதுகைக் காட்டியபடியே ஒரு அதட்டல்.

"கதவைச் சாத்து! தெருவையா சூடாக்குறோம்?"

கேஸா எழுந்தாள். தரையில் கிடந்த கம்பிகளைக் காலால் தள்ளினாள். நடைக்குப் போகிற கதவைச் சாத்தினாள்.

சாத்திவிட்டுத்தான் அவளுக்கே தெரிந்தது. கைப்பிடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அறுபதை எட்டப்போகிற பொம்பளை, பேரன் பேத்தி எடுத்தவள், பத்து வயதுப் பிள்ளை மாதிரி கதவைச் சாத்திவிட்டு நின்றாள். தெருவைச் சூடாக்காதே என்று இந்த ஊரில் எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். ஆனால் எழுந்து போய்ச் சாத்த வைத்தவள் ஒருத்திதான்.

"அடிப்பாவி," என்றாள் கேஸா கதவைப் பார்த்து. "அடிப்பாவி அம்மா."

ஆஸ்ட்ரிட் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். கேஸா தோளைக் குலுக்கி விலக்கவில்லை. டெட்லெஃப் படத்தை நிறுத்தவும் தோன்றாமல் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப எங்கிட்ட எதுக்கு அப்படிச் சொன்னா?" கேஸா மூக்கை உறிஞ்சினாள். "சாகப்போறவ, கையைப் பிடிச்சுக்கிட்டு, எதுக்குப் பொய் சொல்லணும்? என்னைக் கண்டா அவளுக்கு ஆகாது. அதான். ஒரு நல்லது கூட எனக்குத் தெரியக் கூடாதுன்னு நினைச்சிருக்கா."

"முழுப் பொய்யா இருக்காது," என்றான் டெட்லெஃப் மெல்ல.

இருவரும் திரும்பினார்கள்.

"கடைசி இருபது நிமிஷத்துல மார்த்தா குரல் மாறுது. ரொம்ப இல்ல, கொஞ்சம். படச்சுருள் மாறுற இடம் அது. பழைய பிரின்ட்டோட கோளாறுன்னு நினைச்சு, முன்னாடி இருந்த மாதிரியே ஆக்கப் பார்த்தேன். ஒட்டவே இல்ல. இப்ப சுருதி சரியானப்புறம் கேட்டா தெளிவாத் தெரியுது. அது வேற பொம்பளை."

ஓட்டிக் காட்டினான். கப்பல் கிளம்புகிறது. கரையில் நிற்கிற மார்த்தா கையை அசைத்துச் சொல்கிறாள், "போய் வா. நான் காத்திருக்க மாட்டேன்." மெத்தென்ற குரல். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டு யாரும் எழுந்து போய்க் கதவைச் சாத்தமாட்டார்கள்.

"ஹெட்டா," என்றாள் கேஸா.

"அம்மா பாதியிலேயே விட்டுட்டாளா?" ஆஸ்ட்ரிட்டுக்கு விளங்கவில்லை. "அவளா? ஆரம்பிச்ச எதையாவது பாதியில விட்டிருக்காளா அவ?"

கேஸா தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "டெட்லெஃப். இது எப்ப டப் பண்ணினது?"

"ரிலீஸ் அறுபத்தாறு கிறிஸ்துமஸுக்கு. கடைசி நேரத்துல அவசர அவசரமாப் பண்ணுவாங்க. அப்படிப் பார்த்தா நவம்பர்ல."

"நவம்பர்ல எப்ப?"

"மாச நடுவுல இருக்கும். ஏன்?"

சொல்லும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. ஆஸ்ட்ரிட்டும் அக்காவைப் பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை அக்காவின் பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்பியவள் அவள்தானே.

"என்னைப் பெத்த அன்னைக்கு ட்ராம்ல போறப்ப வலி வந்ததுன்னுதான் அம்மா சொல்லுவா," என்றாள் கேஸா. "எந்த ட்ராம், எங்க போயிட்டிருந்தா, அதெல்லாம் சொன்னதே இல்ல. நானும் கேட்டதில்ல." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான்தானா?"

ஆஸ்ட்ரிட் மனசுக்குள் ஒன்று மெல்ல வந்து உட்கார்ந்தது. செல்லப்பெண்ணிடம் பெருமை பேசிய அம்மா, மூத்தவளிடம் மட்டும் அது நான் இல்லை என்று சாதித்தது ஏன் என்று. என்னால்தான் அம்மா விட்டுவிட்டாள் என்று கேஸா ஒருநாளும் நினைத்துவிடக் கூடாது. அதற்குத்தான். அம்மாவின் மேல் சற்றுமுன் பொங்கிய கோபத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மணி ஆறாகப் போகுது," என்றான் டெட்லெஃப். "ஃபைலை அனுப்பிட்டேன். பேரு?"

ஆஸ்ட்ரிட் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் கேஸா கையை நீட்டினாள்.

"கொடு. நான் பேசறேன்."

"நீயா?"

"மூத்தவ நான்தானே? கொடுடீ."

ஆஸ்ட்ரிட் ஸ்பீக்கரை அழுத்திக் கொடுத்தாள்.

"டோனீஸ் மேடமா? நான் கேஸா. ஆஸ்ட்ரிட்டோட அக்கா. மன்னிக்கணும், எங்க மாப்பிள்ளை உப்பைக் கூடப் போட்டுட்டார், அது பெரிய கதை. எடுத்த பேரைத் திரும்பப் போடணும். முடியுமா?"

"கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருக்கேன். சொல்லுங்க."

"ரெண்டு பேர் போடணும். மார்த்தாவின் குரல். முதல்ல ரோஸ்மரி லூர். அப்புறம் கடைசிப் பகுதிக்கு ஹெட்டா ஹார்ம்ஸ்."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் பாதியில் நின்றது.

"ஹெட்டா ஹார்ம்ஸா? அவங்ககூட வியாழக்கிழமை பேசினேனே!"

ஆஸ்ட்ரிட் டெட்லெஃபின் கையைப் பிடித்தாள்.

"இருக்காங்களா?" என்றாள் கேஸா.

"ஹாம்பர்க்லயே, அல்டோனாவுல மகனோட இருக்காங்க. வயசாயிடுச்சு, எந்தப் படத்துல பேசினோம்னு எதுவும் தெளிவா ஞாபகமில்ல. வேற ஒரு படத்தைப் பத்திக் கேக்கத்தான் கூப்பிட்டேன். அவங்களா ஒண்ணு சொன்னாங்க. ஒரு தடவை மைக் முன்னாடி நின்னுக்கிட்டிருந்த பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். அப்பவும் கையிலிருந்த வசனத்தைப் பேசி முடிச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். மிச்சத்தை இவங்க பேசியிருக்காங்க. அந்தப் பொண்ணு அப்புறம் ஸ்டுடியோ பக்கமே திரும்பி வரலையாம். அவ பேருகூட மறந்துடுச்சு, ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் மனசுல கிடக்குதுன்னாங்க." டோனீஸ் தயங்கினார். "'குழந்தை பிழைச்சுதா, ஆணா பெண்ணா, எனக்கு யாருமே சொல்லல'ன்னாங்க. மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

ஆஸ்ட்ரிட் போனை வாங்கக் கை நீட்டினாள். கேஸா கொடுக்கவில்லை.

"பொண்ணு," என்றாள். "பொண்ணுன்னு சொல்லுங்க. போன செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பிறந்தநாள் போச்சுன்னு சொல்லுங்க."